முன்பாட்டும் பின்பாட்டும்

மராட்டிய அன்பர்களிடம் ‘ஹோனாஜி பாளா’ என்று சொன்னால், பேஷ்வாக்கள் காலத்துக் கவிஞர் ஒருவரை அவர்கள் நினைவுகூர்வார்கள். புனே நகரில் நெடுநாள் வாழ்ந்த தமிழரும் இப்பெயரைக் கேட்டிருத்தல் கூடும். உண்மையில் இஃது ஒருவர் பெயரன்று, இருவர் பெயர். ஹோனாஜி என்பவர் பால் வாணிகம் செய்யும் கவளி குலத்தவர், பாட்டை இயற்றினார். பாளா என்பவர் தையற்காரர் குலத்தவர், அதைப் பாடினார். 1796 முதல் 1818 வரை பேஷ்வாவாக இருந்த இரண்டாம் பாஜிராவின் காலத்தில் இவ்விருவரும் சேர்ந்து லாவணி பாடிப் புகழ்பெற்றனர். சாந்தாராம் 1951-ஆம் ஆண்டில் ‘அமர் பூபாளி’ என்ற திரைப்படத்தை எடுத்தார். அது மறு ஆண்டில் பிரான்ஸ் நாட்டுக் கான் நகரத் திரைப்பட விழா வரையில் சென்றது. அதன் கதைத் தலைவர் ஹோனாஜியே. பாளா உடன் வருபவர்.

உடன் பாடுவோருக்கு வரலாறு வழங்கும் இடம் பெரும்பாலும் இதுதான். பெயர் பெறுபவர் ஒருவர். அவருடைய மூச்சு ஓயும்போது பாட்டைத் தாங்கி நிற்பவர் வேறொருவர். நம் தமிழகத்தில் இவரைப் ‘பின்பாட்டுக்காரர்’ என்போம். மராட்டியத்தில் இடத்துக்கேற்ப ‘ஜீல்கரி’ என்றும், ‘சுர்த்யா’ என்றும், ‘டாள்கரி’ என்றும் சொல்வர். இந்தப் பின்குரல்களின் வரலாற்றைப் புனேயையும் அதன் சுற்றுப்புறச் சிற்றூர்களையும் நடுவாகக் கொண்டு ஈண்டு ஆராய விழைகின்றோம். வெளி மாநிலத்தில் குடியேறிய நமக்கு இதில் ஒரு தனி உரிமையும் உண்டு. அது பின்னர் விளங்கும்.

சேர்ந்து பாடுதல் அரசவையில் தோன்றியதன்று. விடியற்காலையில் மாவரைக்கும் திரிகையின் அருகே அதற்கு மிகப் பழைய இருப்பிடம் ஒன்று உண்டு. புனேக்கு மேற்கே முள்சி, மாவளம் என்னும் மலைப்பகுதிகள் இருக்கின்றன. அங்கே பெண்கள் இருவர் எதிரெதிரே அமர்ந்து, திரிகையின் ஒரே பிடியை இருவர் கையாலும் பற்றிச் சுற்றுவார்கள். ஒருத்தி ஓர் அடியைத் தொடங்குவாள். மற்றவள் அதைப் பற்றிக்கொண்டு உடன் பாடுவாள், அல்லது திருப்பிப் பாடுவாள். அப்பாட்டுக்கு ‘ஓவி’ என்று பெயர். பிறந்தகத்து நினைவு, மாமியார் கொடுமை, உடன்பிறந்தான் வரவு, பண்டரிபுரத்து விட்டலன் என்று பெண் ஒருத்தி பகலில் வாய்விட்டுச் சொல்ல இயலாதவை யாவும் அதில் வரும். கல் சுழலும் ஓசையே தாளமும் சுருதியும் ஆகும். ஒருத்திக்கு மூச்சு வாங்கும்போது மற்றவள் குரல் மேலே நிற்பதால் கல்லும் நிற்பதில்லை, பாட்டும் நிற்பதில்லை. உழைப்பின் தேவையே இசையின் அமைப்பை வகுத்துவிட்டது.

நாமதேவரின் இல்லத்தில் பணிப்பெண்ணாக இருந்த ஜனாபாயியைப் பற்றி மராட்டியர் ஒரு கதை கூறுவர். அவள் தனியே மாவரைக்கும்போது விட்டலனே வந்து எதிரே அமர்ந்து திரிகையைச் சுற்றினானாம். பக்தியின் பெருமையைச் சொல்வதற்காக எழுந்த கதைதான் இது. எனினும் அக்கதையைக் கட்டிய பெண்களுக்குத் தெரிந்திருந்த ஓர் உண்மை அதில் இருக்கிறது: திரிகைக்கு இரண்டாவது ஆள் வேண்டும், இல்லாதவளின் துயரம் பெரிது.

தமிழ் படித்தவர்க்கு இவ்விடத்தில் ‘வள்ளை’ நினைவுக்கு வராமல் இராது. கலித்தொகையின் குறிஞ்சிக்கலியில் தலைவியும் தோழியும் உலக்கை கொண்டு குற்றும்போது ஒருத்தி தலைவனைப் பழித்துப் பாட, மற்றவள் அவனைப் போற்றிப் பாடுகிறாள். சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையிலும் வள்ளைப்பாட்டு உண்டு. மாணிக்கவாசகர் பொற்சுண்ணம் இடிக்கும் பெண்டிரின் பாட்டாகவே ஒரு பதிகம் அருளினார். உலக்கைக்கும் திரிகைக்கும் கருவியில் வேற்றுமை உண்டே தவிர, இரு பெண்களின் குரல் மாறி மாறி எழும் முறையில் வேற்றுமை இல்லை. நம்மிடம் அது புலவர் கையில் ஏறி இலக்கியமாயிற்று. மராட்டியத்தில் ஞானேசுவரர் 1290-ஆம் ஆண்டில் கீதைக்கு உரை செய்தபோது, ஓவி என்ற யாப்பையே எடுத்துக்கொண்டார்.

மாவு ஆலைகள் ஊர்தோறும் வந்தபின் திரிகைக்கு வேலை குறைந்தது. பாட்டுக்கும் இடம் இல்லாமற் போயிற்று. அப்பாட்டுகள் முற்றிலும் மறையாமற் காத்த பணி புனேயில் நிகழ்ந்தது. ஹேமா ராயிர்க்கர் என்ற அம்மையாரும், பிரான்சில் பிறந்து இந்நாட்டையே தம் நாடாகக் கொண்ட கீ புவாத்வேன் என்பவரும் சிற்றூர்ப் பெண்களுடன் பழகி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட திரிகைப் பாட்டுகளைத் தொகுத்தார்கள். பெர்னார் பெல் என்ற அறிஞர் ஒலிப்பதிவிலும் தொகுப்பு முறையிலும் துணைநின்றார். 2017 முதல் அவை இந்திய ஊரக மக்கள் ஆவணக்காப்பகத்தின் வாயிலாக வெளிவருகின்றன. அத்தொகுப்பில் நாம் பெரிதும் மதிக்கும் செயல் ஒன்று உண்டு: பாட்டுடன் பாடினவளின் பெயரும் ஊரும் குறிக்கப்பட்டிருக்கின்றன. பாட்டுத் தொகுத்த அறிஞர் பலர் இதைச் செய்ததில்லை. ‘பாமர மக்கள் பாட்டு’ என்று ஒரே சொல்லில் ஆயிரம் பேரை அடக்கிவிடுவது அவர்கள் வழக்கம்.

வீட்டை விட்டு வெளியே வந்தால் ‘போவாடா’ நம்மை எதிர்கொள்கிறது. போவாடா என்பது வீரச் செயல்களைக் கதையாகச் சொல்லும் பாட்டு. 1659-ஆம் ஆண்டில் அப்சல்கான் கொல்லப்பட்டதைப் பாடிய அக்ஞானதாசரின் போவாடாவும், 1670-ஆம் ஆண்டில் தானாஜி மாலுசுரே சிங்ககட் கோட்டையைக் கைப்பற்றி உயிர் நீத்ததைப் பாடிய துளசிதாசரின் போவாடாவும் நமக்குக் கிடைத்துள்ளவற்றுள் மிகப் பழையவை. (இந்தத் துளசிதாசர் வேறு, இந்தி இராமாயணம் இயற்றியவர் வேறு.) சிங்ககட் புனேக்குத் தென்மேற்கே அண்மையில் உள்ளது. ஞாயிற்றுக்கிழமைகளில் மலையேறிச் சென்று தயிரும் வெங்காய பஜ்ஜியும் உண்டு திரும்பும் நம்மவர், அந்தக் கோட்டையின் புகழை ஊர் ஊராகக் கொண்டுசென்றது ஏட்டு வரலாறு அன்று, பாட்டுதான் என்பதை எண்ணிப் பார்ப்பார்களாக.

போவாடா பாடுபவர் ‘ஷாஹிர்’. கையில் ‘டப்’ என்னும் வட்டத் தோற்கருவியை வைத்துக்கொண்டு அவர் முன்னே நிற்பார். பின்னே இருவரோ மூவரோ நிற்பர். ஒருவர் கையில் ‘துண்துணே’ என்ற ஒற்றை நரம்புக் கருவி. மற்றவர் கையில் ஜாலரா. ஷாஹிர் இரண்டு மூன்று அடிகளை விரைந்து சொல்லி, கதையை ஒரு வளைவில் கொண்டுவந்து நிறுத்துவார். அந்த இடத்தில் பின்னிற்பவர்கள் ‘ஜீ ஜீ’ என்று உச்சக்குரலில் எடுத்து நீட்டுவார்கள். இந்த நீட்டலுக்கு ‘ஜீல்’ என்று பெயர். அதைப் பாடுபவர் ஜீல்கரி. ‘ஜீ’ என்பது மரியாதைச் சொல்தான். நம் வில்லுப்பாட்டில் துணைப்பாடகர் ‘ஆமாம்’ என்று சொல்லும் அதே பணியை அது செய்கிறது. ஆயினும் வில்லுப்பாட்டின் ‘ஆமாம்’ பெரும்பாலும் பேச்சாக நின்றுவிடும். ஜீல் முழுக்கப் பாட்டாகவே எழும்.

ஜீலுக்குப் பயன் என்ன? ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் திறந்த வெளியில் நூற்றுக்கணக்கானோருக்குக் கேட்கும்படி பாட வேண்டும். ஷாஹிருக்கு மூச்சு வாங்க அவகாசம் வேண்டும். அடுத்த அடியை நினைவிற்குக் கொண்டுவர ஒரு கணம் வேண்டும். தூரத்தில் நிற்பவனுக்குக் கதை தெளிவாகக் கேளாவிட்டாலும், ஒரு கட்டம் முடிந்தது என்பது தெரிய வேண்டும். இத்தனையும் அந்த ஒரு நீட்டலால் நிறைவேறுகின்றன. ‘தமாஷா’ என்னும் கூத்திலும் இதே அமைப்புத்தான். முதலில் கணபதியைப் பாடும் ‘கண்’. அடுத்துக் கண்ணனும் ஆய்ச்சியரும் வரும் ‘கவளண்’. பின்னர் லாவணியும் கதையும். அங்கே பின்னிற்கும் சுர்த்யாக்கள் அடியின் கடைசிச் சொற்களைப் பிடித்து மேல் ஸ்தாயிக்குத் தூக்கிச் செல்வார்கள். தமாஷாவைக் கேட்டுப் பழகாத செவிக்கு அது கத்தலாகத் தோன்றும். நமக்கும் முதலில் அப்படித்தான் தோன்றும். இரண்டாம் முறை கேட்டால் அந்த உயரத்தில் சுருதி பிசகாமல் நிற்பது எத்துணை அரிது என்பது விளங்கும்.

மேலை நாட்டு இசையில் ‘ஹார்மனி’ என்று ஒன்று உண்டு. ஒரே சமயத்தில் இருவர் வெவ்வேறு சுரங்களில் நின்று, அவை இயைந்து ஒலிப்பது அது. அமெரிக்க நாட்டு மலைப்புறப் பாட்டுகளிலும் இம்முறை பெருவழக்கு. 1927 ஆகஸ்டு மாதத்தில் டென்னசி, வர்ஜீனியா மாநிலங்களின் எல்லையில் உள்ள பிரிஸ்டல் என்ற ஊரில் கார்ட்டர் குடும்பத்தார் மூவர் இசைத்தட்டுக்குப் பாடினார்கள். சாரா என்ற பெண்மணி முன்பாட்டு. மேபெல் கிதாரும் துணைக்குரலும். சாராவின் கணவர் ஏ. பி. கார்ட்டர் மனம் வந்தபோது கீழ்க்குரலில் சேர்ந்துகொள்வார். அந்நாட்டு நாட்டுப்புற இசைத்தட்டுகளின் வரலாறு பெரிதும் இவர்களிடமிருந்தே கணக்கிடப்படுகிறது. இங்கும் ஒரு பின்குரல் மறைந்திருக்கிறது. ஏ. பி. கார்ட்டர் ஊர் ஊராகச் சென்று பாட்டுச் சேகரித்தபோது, லெஸ்லி ரிடில் என்ற கறுப்பின இளைஞர் உடன் சென்றார். கார்ட்டர் சொற்களை எழுதிக்கொள்வார்; மெட்டை நினைவில் வாங்கி வருபவர் ரிடில். தட்டுகளில் அவர் பெயர் இல்லை.

நம் நாட்டுக் கூட்டுப்பாட்டில் ஹார்மனி இல்லை என்று சொல்வோர் உண்டு. நம்முடைய இசை ஒரு நேரத்தில் ஒரு சுரத்தையே நாடுவது. ஆதார சட்ஜத்தைச் சார்ந்து ராகம் நகர்வது. ஆகவே அவர்கள் சொல்வது பெரும்பாலும் சரியே. ஆனால் ஜீலை உன்னிப்பாகக் கேட்டால் ஒரு நுட்பம் புலப்படும். பின்பாட்டுக்காரரின் நீட்டல் முடிவதற்கு முன்பே ஷாஹிர் அடுத்த அடியைத் தொடங்கிவிடுகிறார். அதுபோலவே ஷாஹிரின் கடைசி அசை ஓய்வதற்கு முன்பே ஜீல் எழுந்துவிடுகிறது. அந்தக் கணத்தில் கீழே ஒரு சுரமும் மேலே ஒரு சுரமும் சேர்ந்தே ஒலிக்கின்றன. அடியில் துண்துணேயின் ஒற்றை நரம்பு மூன்றாவதாக ஒலிக்கிறது. எவரும் திட்டமிட்டு வகுத்த இயைபு அன்று அது. இரு மூச்சுகள் ஒன்றன்மேல் ஒன்று படிவதால் விளைவது. தமாஷா கூடாரத்தில் கேட்போரின் உடல் சிலிர்ப்பது பெரும்பாலும் அந்தக் கணத்தில்தான்.

இனி ஆலந்திக்கும் தேஹுவுக்கும் செல்வோம். இரண்டும் புனே மாவட்டத்து ஊர்கள். இந்திராயணி ஆற்றங்கரையில் உள்ளவை. ஆலந்தி ஞானேசுவரர் சமாதி கொண்ட இடம். தேஹு துக்காராமின் ஊர். துக்காராம் 17-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் வாழ்ந்து 1650-ஆம் ஆண்டில் மறைந்தார். அவர் கீர்த்தனம் செய்தபோது அவருக்குப் பின்னே நின்று தாளமிட்டுப் பாடியவர் 14 பேர் என்று வார்க்கரி மரபு கூறுகிறது. பதினான்கு டாள்கரிகள் என்றால் அங்கே எவருக்கும் தெரியும். அவர்களுள் அந்தணரும் உண்டு. எண்ணெய் ஆட்டும் தேலி குலத்தவரும் உண்டு. அந்தத் தேலி குலத்தவர் சாக்கண் என்ற ஊரைச் சேர்ந்த சந்தாஜி ஜகனாடே.

இவருடைய வரலாற்றை நாம் சற்று நிதானமாகச் சொல்ல விரும்புகின்றோம். துக்காராமின் பாட்டுகள் சிலருக்குப் பொறுக்கவில்லை. வேதத்தின் பொருளை மக்கள் மொழியில், அதுவும் வாணிகக் குடும்பத்தில் பிறந்த ஒருவர் பாடுவதா என்று சினந்தார்கள். அவருடைய ஏடுகள் இந்திராயணியில் எறியப்பட்டன என்றும், 13 நாட்களுக்குப் பின் அவை நனையாமல் மேலே மிதந்து வந்தன என்றும் பக்தர்கள் சொல்லுவர். இதே செய்தியை வேறு வகையாகச் சொல்வோரும் உளர். ஏடுகள் நீரில் போனபோது பாட்டுகள் மக்கள் நாவில் இருந்தன. சந்தாஜி அவற்றை மீண்டும் எழுதினார் என்பர் அவர்கள். எவ்வாறாயினும், சந்தாஜியின் கையெழுத்துச் சுவடிகள் துக்காராமின் அபங்கங்களுக்கு முதன்மையான ஆதாரங்களுள் அடங்கும். இது தற்செயல் அன்று. ஒவ்வொரு நாளும் பின்பாட்டுப் பாடியவனுக்கு அல்லவா பாட்டு முழுவதும் மனப்பாடமாக இருக்கும்! முன்பாட்டுக்காரர் புதிது புதிதாகப் படைப்பார். நேற்றுப் பாடியதை இன்று மாற்றுவார். பின்பாட்டுக்காரர் காப்பார். இன்று சாக்கண் என்றால் மோட்டார் தொழிற்சாலைகளே நினைவுக்கு வரும். தமிழ் இளைஞர் பலர் அங்கே பணிபுரிகின்றனர். தாம் நாள்தோறும் சென்றுவரும் ஊர், ஒரு பின்பாட்டுக்காரரின் ஊர் என்பதை அவர்கள் அறிந்துகொள்ளட்டும்.

துக்காராமின் மகன் நாராயண மகராஜ் 1685-ஆம் ஆண்டில் தம் தந்தையின் பாதுகைகளையும் ஞானேசுவரரின் பாதுகைகளையும் பல்லக்கில் வைத்துப் பண்டரிபுரம் கொண்டுசெல்லும் வழக்கத்தைத் தொடங்கினார். 19-ஆம் நூற்றாண்டில் ஹைபத்ராவ் பாபா என்பவர் ஞானேசுவரருக்குத் தனிப் பல்லக்கை ஏற்பாடு செய்தார். இன்றும் இரு பல்லக்குகளும் ஆண்டுதோறும் புனே வழியாகவே செல்கின்றன. அடியார்கள் ‘திண்டி’ என்னும் குழுக்களாகப் பிரிந்து நடப்பர். வீணை ஏந்தியவர் ஒருவர். மிருதங்கம் வாசிப்பவர் ஒருவர். டாள்கரிகள் வரிசை வரிசையாக நிற்பர். ஒரு வரிசை அடியைப் பாட, எதிர் வரிசை அதை வாங்கிக்கொள்ளும். பல வாரம் நடந்துகொண்டே பாட வேண்டுமாயின் ஒரு தொண்டை போதாது. இரு வரிசையும் மாறி மாறி ஓய்வெடுப்பதால்தான் பாட்டு பண்டரிபுரம் வரையில் ஓயாமல் செல்கிறது.

முன்னர் நாம் குறிப்பிட்ட உரிமைக்கு இப்போது வருவோம். புனே, ஷாஹாஜி போன்ஸ்லேயின் ஜாகீராக இருந்த ஊர்; அவர் மகன் சிவாஜி வளர்ந்த ஊர். ஷாஹாஜியின் மற்றொரு மகனாகிய ஏகோஜி 1676-ஆம் ஆண்டையொட்டித் தஞ்சை அரியணை ஏறினார். 1855-ஆம் ஆண்டில் கடைசி மன்னர் ஆண்மகவின்றி இறக்க, ஆங்கிலேயர் அரசை எடுத்துக்கொள்ளும்வரை, ஏறத்தாழ 180 ஆண்டுகள் மராட்டியர் தஞ்சையில் இருந்தனர். இரண்டாம் சரபோஜி 1803-ஆம் ஆண்டில் தம் குலவரலாற்றைப் பெரிய கோயிலின் சுவரிலேயே மராத்தியில் பொறித்து வைத்தார். கல்லில் பொறித்ததைப் படிப்பவர் இன்று சிலரே. பாட்டில் வந்தது மட்டும் பரவிவிட்டது.

தஞ்சை மாவட்டத்துச் சிற்றூரில் பிறந்தவர்கள் மாசி மாதத்துக் காமன் பண்டிகையை அறிவார்கள். அங்கே லாவணி நடைபெறும். எதிரெதிரே இரு கட்சியார் அமர்வர். மன்மதன் சிவனது நெற்றிக்கண்ணால் எரிந்தான் என்று வாதிப்பது எரிந்த கட்சி. எரியவில்லை என்று சாதிப்பது எரியாத கட்சி. ஒரு கட்சியின் தலைவர் பாட்டால் வினா எழுப்புவார். உடனிருப்பவர் கடைசி அடியைத் தூக்கிப் பாடுவர். எதிர்க்கட்சி பாட்டாலேயே விடையிறுக்க வேண்டும். விடியும்வரை நடக்கும். கையில் இருக்கும் கருவிகள் யாவை? டேப்பும் துந்தனாவும். மராட்டியரின் டப், துண்துணே என்பவையே இவை. பெயர்கூட அவ்வளவாக மாறவில்லை. மராட்டியத்தில் லாவணி பாடுவோர் கல்கி, துரா என்று இரு கட்சியாகப் பிரிந்திருந்தனர். (இந்தக் கல்கி தலைப்பாகையில் செருகும் இறகுக் குஞ்சம், நம் எழுத்தாளரின் புனைபெயர் அன்று.) துராக் கட்சியார் சிவமே பெரிது என்பர், கல்கிக் கட்சியார் சக்தியே பெரிது என்பர். அந்தப் போட்டி காவிரிக்கரைக்கு வந்ததும் காமன் கதையைப் பற்றிக்கொண்டு தமிழாகிவிட்டது. புனேயில் லாவணி என்றால் பெரும்பாலும் பெண்கள் சலங்கை கட்டி ஆடும் சிருங்காரப் பாட்டு. தஞ்சையில் லாவணி என்றால் ஆண்கள் அமர்ந்து வாதிடும் தத்துவப் பாட்டு. ஒரே சொல்லுக்கு இரண்டு ஊரில் இரண்டு பொருள். தஞ்சை மாவட்டத்தார் இதைத் தம் மராட்டிய அயலாரிடம் விளக்குவதற்குள் சற்று இடர்ப்படுவார்கள்.

கதாகாலட்சேபமும் இவ்வாறு வந்ததே. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ராமச்சந்திர மோர்காவ்ங்கர் என்ற கீர்த்தனகாரர் தஞ்சைக்கு வந்து மராத்திக் கீர்த்தனம் செய்தார். நம்மவர் அவரை ‘மோர்கர் பாவா’ என்றனர். மோர்காவ் என்பது புனே மாவட்டத்தில் உள்ள புகழ்பெற்ற கணபதித் தலத்தின் பெயர். அவருடைய முறையைக் கண்ட தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர், அதில் தமிழும் தெலுங்கும் வடமொழியும் கருநாடக இசையும் கலந்து புதிய காலட்சேப முறையை வகுத்தார். 1903-ஆம் ஆண்டில் மறைந்தார். ஸாகி, திண்டி, ஓவி, அபங்கம் என்ற மராத்தி மெட்டுகள் அவர் வழியாகவே தமிழ் மேடையில் நிலைபெற்றன. பாகவதருக்குப் பின்னே நின்று பின்பாட்டுப் பாடுவோர் அம்மேடைக்கு இன்றியமையாதவர் ஆயினர். பாகவதர் கதை சொல்ல வாய் திறந்ததும் பாட்டை மெல்லக் கீழே இறக்கி, அவர் நிறுத்திய இடத்தில் மீண்டும் எடுத்துக்கொடுக்கும் ஆற்றல் பயிற்சியால் மட்டுமே வருவது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சி. சரஸ்வதி பாய் அம்மையார் எதிர்ப்புகளைக் கடந்து அம்மேடையில் ஏறியபோது, பெண் ஒருத்தி முன்பாட்டுக்கு வரலாமா என்பதே எழுந்த வினா. திரிகையருகே ஆயிரம் ஆண்டாக முன்பாட்டுப் பாடியவள் அவளே என்பதை எவரும் அப்போது எண்ணவில்லை போலும்.

பஜனை மரபில் மருதாநல்லூர் சத்குரு சுவாமிகள் 1817-ஆம் ஆண்டில் மறைவதற்குள் ஒரு முறைமையை வகுத்துச் சென்றார். அம்முறையைப் பின்பற்றும் பஜனைகளில் துக்காராமின் அபங்கமும் நாமதேவரின் அபங்கமும் பாடப்படுகின்றன. மும்பையிலும் புனேயிலும் குடியேறிய தமிழர் இல்லங்களில் இன்றும் அவ்வாறே பாடுகிறார்கள். தேஹுவிலிருந்து தஞ்சைக்குச் சென்ற பாட்டு, தமிழ் நாவில் ஊறி, மிருதங்கமும் ஹார்மோனியமும் சேர்ந்து, பிறந்த இடத்துக்கே ரயிலேறித் திரும்பி வந்திருக்கிறது. பக்கத்து வீட்டு மராட்டியப் பாட்டி அதைக் கேட்டு, சொல் புரிகிறது, உச்சரிப்பு வேறாக இருக்கிறது, மெட்டு எங்கேயோ போகிறது என்று புன்னகை செய்தால் அதில் வியப்பில்லை.

மகிழ்ச்சியான செய்திகளை மட்டும் சொல்லி நிறுத்திவிடுதல் முறையாகாது. தமாஷாவில் பாடியவரும் ஆடியவரும் பெரும்பாலும் மகார், மாங்கு, கோல்காட்டி முதலிய ஒடுக்கப்பட்ட குலத்தவர். அவர்கள் பாட்டை ஊர் விரும்பியது. அவர்களை ஊர் தொட விரும்பவில்லை. 1866-ஆம் ஆண்டில் அந்தணக் குலத்தில் பிறந்த ஸ்ரீதர் கிருஷ்ணாஜி குல்கர்ணி, ஊர்க்கணக்கு வேலையையும் குலத்தையும் துறந்து தமாஷாவில் சேர்ந்து ‘பட்டே பாபுராவ்’ ஆனார். மகார் குலத்துப் பெண்ணாகிய பவளாவும் அவரும் சேர்ந்து மேடையேறியபோது மராட்டியமே திரண்டு வந்தது, ஏசவும் செய்தது. அவர் எழுதினார், அவள் அதற்கு உயிர் கொடுத்தாள். 1945-ஆம் ஆண்டில் புனேயில் அவர் வறுமையில் இறந்தார். அவர் பெயரால் விழாக்கள் உண்டு. பவளாவின் பெயரைச் சொல்வோர் அவரைப் பற்றிப் பேசும்போதுதான் சொல்கிறார்கள்.

அடுத்த தலைமுறையில் இந்நிலை ஓரளவு மாறியது. மாங்கு குலத்தில் பிறந்த அண்ணாபாவ் சாட்டே, பார்சி ஊரைச் சேர்ந்த அமர் சேக், கவாண்கர் ஆகிய மூவரும் 1944-ஆம் ஆண்டில் ‘லால் பாவ்டா கலாபதக்’ என்ற கலைக்குழுவை நடத்தினர். அமர் சேக் தம் தாய் திரிகையில் பாடிய பாட்டைக் கேட்டு வளர்ந்தவர். போவாடாவும் லாவணியும் ஆலைத் தொழிலாளர் கூட்டங்களில் ஒலித்தன. 1960 மே முதல் நாள் மகாராஷ்டிர மாநிலம் அமைவதற்கு முன்னே நடந்த போராட்டத்தில் இவர்கள் குரல் பெரும்பங்கு கொண்டது. ஜீல் பாடியது இப்போது மேடையில் நின்ற மூவர் மட்டும் அல்லர், மைதானமே பாடியது. மராட்டிய ஷாஹிரான சாப்ளே பாடிப் பரப்பிய பாட்டு 2023-ஆம் ஆண்டில் மாநிலப் பாட்டாக அறிவிக்கப்பட்டதும் இம்மரபின் தொடர்ச்சியே.

வானொலிக்கும் இதில் பங்கு உண்டு. புனே வானொலி நிலையம் 1953 அக்டோபர் 2-ஆம் நாள் தொடங்கியது. 1955 ஏப்ரல் முதல் நாளிலிருந்து ஓராண்டுக் காலம் வாரம் ஒன்றாக 56 பாட்டுகள் கொண்ட ‘கீத ராமாயணம்’ அங்கிருந்து ஒலிபரப்பாயிற்று. இயற்றியவர் மாட்கூள்கர், இசையமைத்தவர் சுதீர் பட்கே. மாணிக் வர்மா, வசந்தராவ் தேஷ்பாண்டே முதலிய பலர் பாடினர். கதையின் முகப்பு யாதெனில், லவனும் குசனும் இராமன் முன்னிலையில் இராமாயணத்தைப் பாடுவது. ஆம், நம் ஆதிகாவியத்தையே முதலில் அரங்கேற்றியவர் ஒருவர் அல்லர், இருவர்! தமிழகத்தில் எம். பி. சீனிவாசன் 1971-ஆம் ஆண்டில் சென்னை இளைஞர் இசைக்குழுவைத் தொடங்கி, பாரதியார் பாடல் முதலியவற்றை மேலை நாட்டு ஹார்மனி முறையில் பலகுரலாகப் பாடச் செய்தார். 1988-ல் அவர் மறைந்தார். அம்முயற்சி நம் செவிக்குப் புதிய வாயிலைத் திறந்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் பலகுரல் இன்பத்தை நாம் மேல்நாட்டிலிருந்துதான் கற்றோம் என்று அதைக்கொண்டு முடிவு கட்டுவோரின் கருத்து நமக்கு உடன்பாடன்று.

புனேயில் வாழும் தமிழன்பர்கள் ஆனி, ஆடி மாதங்களை ஒட்டிப் பல்லக்குகள் நகருக்கு வரும் நாளைக் கேட்டறிந்துகொள்ளலாம். துக்காராமின் பல்லக்கு நானா பேட்டையில் உள்ள நிவ்டுங்க்யா விட்டோபா கோயிலில் தங்கும். ஞானேசுவரரின் பல்லக்கு பவானி பேட்டையில் உள்ள பால்கி விட்டோபா கோயிலில் தங்கும். பகலில் கூட்டம் மிகுதி. காவலர் ஓரிடத்தில் நிற்கவிடார். மாலைக்குப் பின் அக்கம்பக்கத்துத் தெருக்களிலும் பள்ளிக்கூடங்களிலும் திண்டிகள் தங்கியிருக்கும். களைத்துப்போன முதியவர்கள் உணவு முடித்து வெறுந்தரையில் அமர்ந்து பஜனை தொடங்குவர். அங்கே வீணைக்காரரைப் பார்க்க வேண்டாம். கடைசி வரிசையில், தாளத்தை மடிமேல் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடியபடி, அடி முடியும் இடத்தில் மட்டும் குரலை மேலே ஏற்றும் ஒருவர் இருப்பார். அவருக்கு அருகில் சென்று உட்காருங்கள்.